மலைக்கு ஒரு சார்ஜ் தூரம்

நல்லேப்பிள்ளி
9 ஜூன் 2025

மாமாவுக்கு,

ஆனந்தி எழுதுகிறேன். வருகிற ஆகஸ்டு இரண்டாம் தேதியோடு உங்கள் மகன் போய் இரண்டு வருடம். நான் மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் ஊரில் நம் வீட்டை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உங்களுக்குக் காது கேட்காது, போனில் பேச முடியாது என்பதையே சாக்காக வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மிக்கேல் அண்ணன் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தால் அவர் கொண்டுவந்து காட்டியிருப்பார். நமக்குள் இருப்பதை இன்னொருவர் போனில் நீங்கள் படிக்க வேண்டாம் என்று தோன்றியது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கார் வாங்கியிருக்கிறேன். கரண்டில் ஓடுகிற கார். பாலக்காட்டில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய வண்டி. டாக்ஸியாகப் பதிவு மாற்றி, பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து போட்டாகிவிட்டது. ஓட்டுவது நான்தான். உங்கள் மகன் எஸ்டேட் ரோட்டில் ஜீப்பை வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நீங்கள் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இறங்கியதும், "இவ ஓட்டுனா நா நடந்தே வாரேன்" என்றீர்கள். இப்போது என் வண்டியில் நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். இதுவரை யாரும் நடந்து போகவில்லை.

அந்த வீட்டில் நாம் கடைசியாகப் பேசியதும் ஜீப்பைப் பற்றித்தான். சும்மா நிற்கிறதே, விற்றுவிடலாமே என்றேன். என் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "எம் மவன வித்துப்புடுன்னு சொல்லுதியா?" என்று கத்தினீர்கள். உங்கள் சத்தம் உங்களுக்குத் தெரியாது. எஸ்டேட் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலையில் நான் பஸ் ஏறிவிட்டேன்.

அவர் நினைவு நாளுக்கு நான் வரலாமா? என் வண்டியிலேயே வருகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள்.

ஆனந்தி


பள்ளிவாசல்
21 ஜூன் 2025

மருமகள் ஆனந்திக்கு,

உன் கடிதம் வந்தது. தட்டினால் எனக்குத் தெரியாது என்று போஸ்ட்மேன் ஜன்னலுக்கு வெளியே நின்று குடையை ஆட்டினான். மூன்று வருடமாக எனக்கு வருவதெல்லாம் பென்ஷன் ஆபீஸ் காகிதம்தான். உன் எழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ வந்ததை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

பிழைக்க வழி தேடிக்கொண்டாய். அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டியை இந்த மலைக்குக் கொண்டுவராதே.

டீசல் தீர்ந்தால் ஒரு கேனை எடுத்துக்கொண்டு வருகிற லாரியில் ஏறி, பெட்ரோல் பங்குக்குப் போய் வாங்கிவந்து ஊற்றலாம். கரண்டு தீர்ந்தால் எவன் கேனில் தருவான்? சின்னாறு காட்டில் வண்டி நின்றால் யானையிடமா கேட்பாய்? இங்கே வந்து சேர்ந்தாலும் என்ன? உன் மாமியார் இருக்கும்போதே சொல்வாள், பவர் ஹவுஸ் வைத்து ஊருக்கெல்லாம் கரண்டு காய்ச்சி அனுப்புகிற ஊரில் நாம் மெழுகுவர்த்தி வாங்கி மாளவில்லை என்று. ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் இரண்டு நாள் இருட்டு. நேற்றும் அப்படித்தான்.

மிக்கேலிடம் உன் வண்டியைப் பற்றிச் சொன்னேன். அவன் எனக்காக வாயைப் பெரிதாகத் திறந்து, "அது டவுனுக்குள்ள காய்கறி வாங்கத்தான் லாயக்கு அண்ணாச்சி" என்றான். அவன் முப்பது வருடமாக ஜீப் ஓட்டுகிறவன்.

நம் ஜீப் நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். வெளியே எடுப்பதில்லை.

வருவதென்றால் பஸ்ஸில் வா.

பெரியமுத்து


சித்தூர்
2 ஜூலை 2025

மாமாவுக்கு,

இதை வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தூர் ரோட்டோரம் சார்ஜ் போடுகிற இடம். ஆரம்பத்தில் அண்ணன் வீட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விடியும்போது அண்ணி போன் வெளிச்சத்தை அடித்து கரண்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஒண்ணுமில்ல ஆனந்தி, பல்லி உள்ள போயிருச்சோன்னு பாத்தேன்" என்றார். நல்லவர்தான். அதற்குப் பிறகு நான் வீட்டில் போடுவதில்லை. இங்கே வந்தால் முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க எனக்கென்று இருக்கிற இடம் இந்த சீட்தான்.

கேனில் கரண்டு எவன் தருவான் என்று கேட்டீர்கள். யாரும் தரமாட்டார்கள். அது இந்த வண்டியின் குறை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மற்றதையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். அண்ணன் சதீஷ் கேஸ் ஆட்டோ வைத்திருக்கிறார். விடியுமுன்பே பங்கில் வரிசை. கேஸ் லாரி வராத நாளில் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் ஒரு மாதம் வாடகைக்குப் பெட்ரோல் கார் ஓட்டினேன். பகலெல்லாம் ஓட்டி, கிடைத்ததைச் சாயங்காலம் பங்கிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். டீசல் ஜீப் மலைக்கு ராஜாதான், மாமா. இந்தச் சமவெளியில் அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி சவாரி ஓட்ட முடியாது. இந்த வண்டி ஒரு சார்ஜில் சித்தூர், பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை என்று நாள் முழுக்க ஓடிவிடுகிறது.

மலையிலும் பார்த்துவிட்டேன். நெல்லியாம்பதிக்கு ஒரு சவாரி போனேன். ஏறும்போது சார்ஜைக் குடித்தது, பயந்துவிட்டேன். இறங்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் சுற்றுகிற வேகமே பேட்டரிக்குக் கரண்டாகத் திரும்புகிறது. அடிவாரம் வந்தபோது மேலே இருந்ததைவிட அதிகம் காட்டியது. ஜீப்பில் இறக்கத்தில் டீசல் ஊறி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

திங்களும் வியாழனும் காலை ஐந்து மணிக்கு கைருன்னிசா அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். அவர் மகன் ஜுனைத் பாலக்காட்டில் கடை வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவரால் வர முடியாது. வண்டியில் சத்தமே இல்லாதது அக்காவுக்கு ஆகாது. "பேச்சு குடு புள்ள. ஓடுதா நிக்குதான்னே தெரியல. மௌத்தாயிட்டேனோன்னு இருக்கு" என்பார். செத்த பிறகுதான் இத்தனை அமைதியாம். நானும் ஏதாவது பேசிக்கொண்டே போவேன். அவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கும் தெரியும், இது எவ்வளவு சத்தமில்லாத வண்டி என்று. மலை வீட்டில் உங்கள் மகன் ஜீப் கீழ் வளைவில் திரும்பும்போதே எனக்குக் கேட்கும், சோற்றை இறக்கிவைப்பேன். இது வருவது யாருக்கும் தெரியாது. அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் தப்பு இல்லை, கேட்டால்தானே.

ஆகஸ்டு இரண்டு சனிக்கிழமை. இந்த வண்டியில்தான் வருவேன்.

ஆனந்தி


பள்ளிவாசல்
18 ஜூலை 2025

மருமகள் ஆனந்திக்கு,

இங்கே பத்து நாளாக மழை. கீழே ரோட்டில் மண் சரிந்து லாரி எதுவும் ஏறவில்லை. மூணாறு பங்கில் டீசலும் இல்லை, பெட்ரோலும் இல்லை என்று போர்டு வைத்துவிட்டார்கள். சுற்றுலா வந்தவர்களின் பெரிய பெரிய கார்கள் ரோட்டோரம் நனைந்துகொண்டு நின்றன. கரண்டும் இல்லை. அன்றைக்கு எல்லா வண்டியும் ஒரே ஜாதிதான். உன் வண்டியை மட்டும் கேலி செய்தது சரியில்லை என்று பட்டது.

மேலே எஸ்டேட் லயத்து வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மிக்கேல் ஓடி வந்தான். அவன் டேங்க் காலி. நம் ஜீப்பில் இருந்ததைக் குழாய் போட்டு உறிஞ்சி அவன் வண்டிக்கு ஊற்றிக்கொண்டு போனான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை ஸ்டார்ட் செய்ய டீசல் இல்லை. அன்றைக்குப் பட்டதை உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுத?

தேயிலை ஃபேக்டரியில் ரோலர் அறையிலேயே என் உத்தியோகம் கழிந்தது. காதை அந்த மிஷின்கள் தின்றுவிட்டன. அது உனக்குத் தெரியும். ஆனால் அதிர்வு தெரியும், ஆனந்தி. பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் ஜீப் ஓடுவது முழங்கை வரைக்கும் வரும். வேல்முருகன் இருந்தபோது காலையில் அவன் வண்டியைக் கிளப்பினால் சுவர் வழியாக என் கட்டிலுக்கு வந்துவிடும். பொழுது விடிந்தது, பிள்ளை வேலைக்குக் கிளம்பிவிட்டான் என்று புரண்டு படுப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொஞ்ச நேரம்தான் இந்த வீட்டில் எனக்குக் கேட்கிற சத்தம். ஜீப்பை விற்கச் சொன்னபோது நான் அப்படிக் கத்தியது இதனால்தான். அன்றைக்கு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உன் வண்டியில் கையை வைத்தால் என்ன தெரியும்? பார்த்துவிட்டு எழுது.

வயரிங் ஆளைக் கூப்பிட்டு வாசல் பக்கம் பெரிய பிளக் ஒன்று வைத்திருக்கிறேன். உன் வண்டிக்கு இதில் ராத்திரி முழுக்கப் போட்டால் ஏறும் என்றான். சனிக்கிழமை மத்தியானம் இலை போடுவேன். அதற்குள் வந்துவிடு.

பெரியமுத்து


பள்ளிவாசல்
3 ஆகஸ்டு 2025

ஆனந்திக்கு,

நேற்று நீ வரவில்லை.

மெயின் ரோட்டில் பாலத்துப் பக்கம் குடையோடு நின்றேன். பின்னால் வருகிற வண்டி எனக்குக் கேட்காது என்று மிக்கேல் சத்தம் போட்டு என்னைச் சுவரோரம் இழுத்து நிறுத்தினான். பச்சை பிளேட் ஒவ்வொன்றையும் பார்த்தேன். எல்லாம் கொச்சிக்காரர்கள். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து படையலை எடுத்தேன். உனக்குப் போட்ட இலையை மாட்டுக்கு வைத்தேன்.

நீ வராததில் தப்பில்லை. உனக்குக் குழந்தை இல்லை. என் மகன் இல்லை. என்னைப் பார்க்க வர உனக்கு என்ன கட்டாயம்? உன் அண்ணன் வேறு இடம் பார்ப்பதாக மிக்கேல் எப்போதோ சொன்னான். பார்க்கட்டும். உனக்கு வயது இருக்கிறது.

ஜீப்பை எடுத்துக்கொள்ள ஆள் பார்க்கும்படி மிக்கேலிடம் சொல்லிவிட்டேன். இதற்கு பதில் எழுத வேண்டாம்.

பெரியமுத்து


நல்லேப்பிள்ளி
3 ஆகஸ்டு 2025

மாமாவுக்கு,

நேற்று நான் கிளம்பினேன். மறையூர் வரைக்கும் வந்தேன். இது உங்கள் கைக்குக் கிடைப்பதற்குள் நீங்கள் என்னவெல்லாம் நினைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருட்டோடு புறப்பட்டேன். பொள்ளாச்சி தாண்டி உடுமலைப்பேட்டையில் சார்ஜை நிரப்பிக்கொண்டு மலை ஏறுவதாகத் திட்டம். அங்கே எனக்கு முன்னால் இரண்டு கார்கள். காத்திருந்தால் மத்தியானம் தாண்டிவிடும், நீங்கள் இலை போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். மறையூரில் ஒரு ஹோட்டலில் சார்ஜ் பெட்டி இருப்பதாகப் போன் காட்டியது. அதை நம்பி ஏறிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

காட்டுக்குள் நல்ல மழை. முன் கண்ணாடியைப் பனி மூடிக்கொள்ளாமல் இருக்கச் சூட்டுக் காற்று வைக்க வேண்டியிருந்தது. விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடின. மறையூர் வந்தபோது முப்பது சதவீதம். ஹோட்டல் பெட்டியின் மேல் கோணிப்பை போட்டு மூடியிருந்தார்கள். இடி இறங்கிக் கெட்டுப்போய் வாரம் ஒன்றாகிறதாம். எதிரே டீக்கடை வைத்திருக்கிற வேலுத்தாய் என்ற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்ஙன சொருகிக்கோ தாயி. மாவாட்டுற பிளக்குதான்" என்று இடம் கொடுத்தார். ஒரு சதவீதம்கூட ஏறவில்லை, கரண்டு போய்விட்டது. "மரம் விழுந்திருக்காம். இன்னைக்கு வராது" என்றார்.

மூணாறு இன்னும் நாற்பது கிலோமீட்டர். முழுக்க ஏற்றம். மிக்கேல் அண்ணன் போனுக்கு அடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மூணாறு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கையைக் காட்டினார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஏறியிருக்கலாம், மாமா. ஏறவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குக் கைருன்னிசா அக்கா வாசலில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை வேறு. இந்த வண்டியை உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று இருந்தேன். அதை வழியில் போட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து நனைந்துபோய் இறங்கி உங்கள் முன்னால் நிற்க எனக்கு மனசு வரவில்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகுதான், அவருடைய நாளில் என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது.

காட்டுச் செக்போஸ்ட்டைச் சாயங்காலம் அடைப்பதற்குள் இறங்கிவிட்டேன். இறக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டே வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கையை வைத்தால் என்ன தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். மழையில் அந்த டீக்கடை வாசலில் நின்று வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, மாமா. பொய் சொல்லமாட்டேன். மழைத்துளி விழுவது மட்டும் தெரிந்தது.

ஆனந்தி


பள்ளிவாசல்
14 ஆகஸ்டு 2025

ஆனந்திக்கு,

என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதைக் கிழித்து அடுப்பில் போடு. படித்திருப்பாய். படிக்காதது மாதிரி இரு.

நீ மறையூரில் நின்ற அதே நேரத்தில் நான் பாலத்தில் நின்றிருக்கிறேன். நடுவில் ஒரு மலைதான். அந்த முப்பது சதவீதத்தை நம்பி நீ ஏறாதது நல்லது. ஏறி, மூடுபனியில் பாதியில் நின்றிருந்தால் யார் வந்திருப்பார்? எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

ஜீப் போய்விட்டது. மிக்கேலின் மச்சான் இன்னாசிராஜ் வண்டன்மேட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற தொழில் செய்கிறார். ஐந்தாம் தேதி வந்து எடுத்துப்போனார். மிக்கேல், "ஒரு வாரம் பொறுப்பமே அண்ணாச்சி, என்ன அவசரம்" என்று இரண்டு தடவை சொன்னான். அவன் வாயைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது கேட்காதவனுக்கு அது ஒரு வசதி. வண்டி கிளம்பும்போது பின் கதவில் கையை வைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் கூடவே நடந்தேன். திருப்பத்தில் கை விட்டுப்போயிற்று.

திருப்பிக் கேட்டால் தருவார். கேட்கப்போவதில்லை. மூட்டை சுமக்கிற வண்டி சுமக்கட்டும். நிழலில் நிறுத்திவைத்து நான்தான் அதைக் கெடுத்தேன்.

ஷெட் காலியாக இருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாவியைத் தேடினேன்.

பெரியமுத்து


சித்தூர்
29 ஆகஸ்டு 2025

மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதத்தையும் வைத்திருக்கிறேன். எதையும் அடுப்பில் போடவில்லை.

ஜீப்பை விற்கச் சொன்னவள் நான்தான். விற்றுவிட்டீர்கள் என்று படித்தபோது, சார்ஜ் போடுகிற இடத்தில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். பக்கத்துக் காரில் இருந்த பெண் கண்ணாடியைத் தட்டி, "ஏனுங்க, உடம்புக்கு ஆகலீங்களா? தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல், வண்டி போய்விட்டது என்றேன். அவர் என் காரையே ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டாயம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் தெரியவில்லை. அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தது உண்மை. கொழிஞ்சாம்பாறையில் போர்வெல் வண்டி வைத்திருக்கிறார், மனைவி இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், கல்யாணத்துக்கு அப்புறம் டாக்ஸி ஓட்ட வேண்டாம் என்றார். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வெளியே வரவில்லை. அண்ணன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்தால் என்ன முடிவெடுப்பேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. எடுத்தால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்.

இந்தத் தடவை காட்டு வழி வேண்டாம். திருச்சூர், கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி என்று கீழே இருந்து ஏறி வருகிறேன். தூரம் அதிகம். ஆனால் வழி நெடுக சார்ஜ் போட இடம் இருக்கிறது. போனை நம்பாமல் ஒவ்வொரு இடத்துக்கும் கூப்பிட்டு, பெட்டி ஓடுகிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டேன். டீசல் வண்டியில் போகிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

செப்டம்பர் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. கைருன்னிசா அக்காவிடம் சொன்னேன். "திங்கக்கிழம காலைல நீ இங்க இருந்தாப் போதும் புள்ள. அது வரைக்கும் அந்த மனுசன்கூட இருந்துட்டு வா" என்று பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார்.

ரோட்டில் வந்து நிற்க வேண்டாம். அடுப்படியில் இருங்கள். நானே வந்துவிடுவேன்.

ஆனந்தி


பள்ளிவாசல்
22 செப்டம்பர் 2025

ஆனந்திக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த விவரத்தை மிக்கேல் போனில் பார்த்துச் சொன்னான். திங்கட்கிழமை அந்த அம்மாளை நேரத்துக்குக் கூட்டிப்போய்விட்டாயா? பேரீச்சம்பழம் இன்னும் இருக்கிறது. தினம் ஒன்று எடுக்கிறேன்.

அன்றைக்கு அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பினால் நிலைப்படியில் நீ நிற்கிறாய், தலையெல்லாம் தண்ணீர். கையிலிருந்த பாத்திரம் நழுவி அரிசி முழுக்கக் கொட்டிவிட்டது. நீ ஏதோ சொன்னாய். நான் உன் வாயைப் பார்க்கவில்லை. நிஜ ஆள்தான் என்று நிச்சயம் பண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு நீ குனிந்து அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தாய். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

அரை மணி நேரம் சார்ஜ் போட்டிருப்பாய், கரண்டு போயிற்று. நீ வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருபதுதான் இருக்குது மாமா. கரண்டு வராம கிளம்ப முடியாதுங்க" என்று மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னாய். சனிக்கிழமை பூராவும் வரவில்லை. இந்த வீட்டில் இரண்டு தட்டு கழுவி எத்தனை நாள் ஆயிற்று! ஷெட்டில் உன் வண்டியை நிறுத்தினோம். சாயங்காலம் நீ வேல்முருகன் சட்டைகளை எடுத்து மடித்தாய். எதையும் கொண்டுபோகவில்லை. திரும்ப அதே இடத்தில் வைத்தாய். அதை நான் பார்த்தேன்.

ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உன் வாயசைவு சரியாகத் தெரியவில்லை. நீயும் பேசுவதை நிறுத்திவிட்டாய். இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அது எனக்கு நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்டு வந்து, ஏறினது போதும் என்று நீ கிளம்பிய பிறகு மிக்கேல் வந்தான். அவனுக்கு ஒரு சந்தேகம். "அண்ணாச்சி, இங்கேருந்து அடிமாலி வரைக்கும் எறக்கம்தான? இருபதுல அந்தப் புள்ள அன்னைக்கே உருட்டிக்கிட்டுப் போயி அடிமாலில சார்ஜ் போட்டிருக்கலாமே? எதுக்கு ரெண்டு நாளு இங்ஙன கெடந்துச்சு?" என்றான். கரண்டு வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும், போய் உன் ஜீப்பைக் கழுவு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ போன பிறகு வீடு பழையபடிதான். விடிவது தெரியாமல் கிடக்கிறேன். சில நாள் மத்தியானம்தான் ஜன்னலைத் திறக்கிறேன். உனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தேன். நேற்று ஒரு செய்தி தெரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். லைனில் கம்பி மாற்றுகிற வேலை நடக்கப்போகிறதாம். அக்டோபர் பதினொன்றும் பன்னிரண்டும், சனியும் ஞாயிறும், பள்ளிவாசல் முழுக்கக் கரண்டு இருக்காது. இரண்டு நாளும் காலையிலிருந்து ராத்திரி வரை.

நீ பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் சரியாக இருக்கும்.

மாமா